வீடு கட்டி அடித்தல்: சிலம்பப் போரில் தாக்குதலும் காத்தலும்

1. முன்னுரை

இருவர் எதிர்நின்று பொரும் எக்கலையிலும் இருவகைச் செயல்கள் உள. ஒன்று பகைவன் மேற்சென்று அடித்தல். மற்றொன்று பகைவன் அடியினின்றும் தன்னைக் காத்தல். இவ்விரண்டனுள் எது சிறந்தது, எதனை முதற்கண் பயிலல் வேண்டும், எதனால் வெற்றி உறுதிப்படும் என்னும் வினாக்கள் போர்க்கலை பயில்வாரிடையே நெடுங்காலமாக நிகழ்ந்து வருவன.

தமிழ் பயில்வார்க்கு இவ்வினா புதியதன்று. நிரை கவர்தலும் மீட்டலும், எயில் வளைத்தலும் காத்தலும் எனப் புறத்திணை இலக்கணத்தின் பெரும்பகுதி இவ்விரு செயல்களின் மேலேயே நடைபெறுகின்றது. ஆயினும் தொல்காப்பியம் இவற்றை ஒரு திணையுள் அடக்க, புறப்பொருள் வெண்பாமாலை வேறு வேறு திணைகளாகப் பகுத்தது. இவ்வேறுபாட்டிற்குப் பெரும்பாலும் நூல்வழிக் காரணங்களே கூறப்பட்டு வந்துள்ளன. கோல் பிடித்துப் பொருவாருடைய கையும் காலும் இது பற்றி யாது கூறும் என்பதனை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும். அவ்வாராய்ச்சியின் முடிவு, இன்று போட்டி விளையாட்டாக உருப்பெற்று வரும் சிலம்பத்திற்கும் பயன்படும் என யாம் கருதுகின்றோம்.

2. கொங்கு நாடும் கோற்போரும்

இவ்வாராய்ச்சிக்குக் கொங்கு நாட்டைக் களமாகக் கொள்ளுதல் பொருத்தமுடைத்து. காவிரியும் பவானியும் கூடுமிடத்து நிற்பது, தேவாரத்துள் திருநணா எனப் பெயர்பெற்ற பவானி. ஆற்றைக் கடந்து கிழக்கே சென்றால் சங்ககிரி மலைக்கோட்டை. தெற்கே சென்றால் ஈரோடும், அதற்கு அப்பால் அறச்சலூரும் ஓடாநிலையும் உள்ளன. காவிரியின் கரையும், மலையரணும், சமவெளி ஊரும் ஆகிய மூன்றும் இச்சிறு நிலப்பரப்பினுள் அமைந்திருத்தலை ஈண்டு மனங்கொள்ளுதல் வேண்டும்.

இம்மூவகை இடங்களோடும் தொடர்புடையது தீரன் சின்னமலையின் வரலாறு. 1756ஆம் ஆண்டு பிறந்த இவர், ஆங்கிலக் கம்பெனிப் படையை 1801இல் காவிரிக் கரையிலும், 1802இல் ஓடாநிலையிலும், 1804இல் அறச்சலூரிலும் எதிர்த்துப் பொருதார் என்பது வரலாறு. பின்னர்ப் பகைவர் கைப்பட்டு, 1805ஆம் ஆண்டு சூலை 31ஆம் நாள் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டார். அவர் சிலம்பம் முதலிய படைக்கலப் பயிற்சியில் வல்லவர் என்பதும், இளைஞர் பலரைப் பயிற்றிப் படையாகத் திரட்டினார் என்பதும் கொங்கு நாட்டு வழக்கு. ஆடிப் பதினெட்டாம் நாள் பவானிக் கூடுதுறையில் மக்கள் திரண்டு புதுப்புனல் ஆடுகின்ற அதே நாளில், ஓடாநிலையிலும் சங்ககிரியிலும் சின்னமலையின் நினைவு போற்றப்படுகின்றது.

ஆற்றங்கரையில் எதிர்த்து நிற்றல், ஊரகத்து இருந்து காத்தல், வாய்த்தவிடத்து மேற்சென்று அடித்தல் என இவ்வொரு வீரர் வரலாற்றிலேயே போரின் நிலைகள் மாறி மாறி வருகின்றன. இவற்றுள் அவரைக் காத்தவர் என்பதா, தாக்கியவர் என்பதா? தம் நாட்டைக் காத்தற்பொருட்டே அவர் தாக்கினார். தாக்கவல்லார் என்னும் அச்சமே சிலகாலம் அவர் நாட்டிற்குக் காப்பாயிற்று. பெருங்களத்து நிகழ்ந்த இவ்வுண்மையே, இரண்டு கோல்களுக்கு இடைப்பட்ட சிறுகளத்தும் நிகழ்வதனை இனிக் காண்போம்.

3. கோலின் இயல்பு

சிலம்பக் கோல் பெரும்பாலும் மூங்கிலால் ஆயது. ஆடுவான் நெற்றியளவு உயரமுடையது. அலங்காரச் சிலம்பம், போர்ச்சிலம்பம் என இக்கலையை இருவகைப்படுத்தி வழங்குவர். முன்னது காண்போர் மகிழக் கோலைப் பலவாறு சுழற்றுதல். பின்னது எதிராளியோடு பொருதல். ஈண்டு ஆராயப்படுவது பின்னதே.

தாக்குதல், காத்தல் ஆகியவற்றின் தன்மையை உணர்தற்குக் கோலின் இயக்கத்தை முதற்கண் அறிதல் வேண்டும். ஒருவன் கோலின் அடிப்பகுதியைப் பிடித்து வீசுங்கால், கையே அச்சாகவும் கோல் ஆரமாகவும் அமைகின்றன. ஆதலின் கையினின்றும் 1 அடி தொலைவிலுள்ள பகுதி செல்லும் விரைவினைப்போல் ஐந்து மடங்கு விரைவுடன், 5 அடி தொலைவிலுள்ள நுனி செல்லும். கோலின் வன்மை முழுவதும் நுனியிடத்தது. கைக்கு அணித்தாக வர வர அது குன்றும்.

இதனினின்றும் ஓர் உண்மை பெறப்படும். எதிராளி கோலை வீசுங்கால் பின்வாங்குபவன், சிறிதளவே வாங்குவானாயின், அக்கோலின் மிக விரைந்த பகுதிக்குத் தன்னை இலக்காக்கிக் கொள்கின்றான். முன்னோக்கி ஓரடி வைத்து உட்புகுபவனோ, விரைவு குன்றிய பகுதியைத் தன் கோலால் எளிதில் ஏற்கின்றான். அச்சம் பின்வாங்கச் சொல்லுகின்றது. கோலின் இயல்போ முன்செல்லச் சொல்லுகின்றது. காத்தல் என்பது பல வேளைகளில் பகைவனை நெருங்குதலேயாம். நெருங்கியவனுக்கு அடிக்கும் இடமும் உடனே வாய்க்கின்றது. எனவே, காக்கும் காலடியும் தாக்கும் காலடியும் இரண்டல்ல, ஒன்றே.

இன்னுமொன்று. கண்ணாற் கண்ட ஒன்றற்கு எதிராகக் கையை அசைத்தற்கு மனிதர்க்கு ஏறத்தாழ ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு காலம் வேண்டும் என்பது உடலியலார் கண்டது. கோலின் நுனி நொடிக்கு 10 மீட்டர் விரைவுடன் வருகின்றது எனக் கொள்ளின், அவ்விடைப்பட்ட காலத்துள் அது 2 மீட்டர் தொலைவைக் கடந்துவிடும். இருவருக்கும் இடையே உள்ள தொலைவோ அதனின் மிக்கதன்று. ஆதலின், அடி வருவதனைக் கண்ட பின்னர்த் தடுப்போம் என்று வாளா நிற்பவன் தடுத்தல் அரிது. காத்தற்கு இரண்டே வழிகள் உள. ஒன்று, எதிராளியின் தோள், இடுப்பு, காலடி ஆகியவற்றின் அசைவுகொண்டு அடியை முன்னரே உணர்தல். மற்றொன்று, அடி புகுதற்குரிய இடங்களை முன்னரே அடைத்துவைத்தல். இவற்றுள் பின்னதற்கே சிலம்பத்தார் தனிப்பெயர் ஒன்று வழங்குகின்றனர். அப்பெயரே இக்கட்டுரையின் தலைப்பாயிற்று.

4. வீடு கட்டுதல் என்னும் வழக்கு

நாற்புறமும் முறையாகக் காலடி பெயர்த்து, கோலை இடையறாது இயக்கி, பகைவர் கோல் தன்பால் புகாதவாறு தன்னைச் சுற்றி ஓரிடத்தை அமைத்துக்கொள்ளுதலைச் சிலம்பத்தார் வீடு கட்டுதல் என்பர். மண்ணும் கல்லும் இன்றிக் காலடியாலும் கோல்வீச்சாலும் எழுப்பப்படுவது இவ்வீடு. ஒருவன் நின்றவிடத்து நில்லாது பெயருந்தோறும் அதுவும் உடன்பெயரும். அதற்குச் சுவராவது கோல்; வாயிலாவது கோல் ஒருபுறம் செல்லுங்கால் மறுபுறத்தே தோன்றும் நொடிப்பொழுது இடைவெளி. அவ்விடைவெளியைச் சுருக்குதலே பயிற்சியின் பயன்.

இச்சொல் களரியோடு நின்றதன்று. ஒருவரை மிகுதியாகப் புடைத்தலை வீடு கட்டி அடித்தல் எனப் பேச்சு வழக்கில் கூறுதலை யாவரும் அறிவர். இத்தொடரைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். வீடு கட்டுதல் காத்தற்றொழில், அடித்தல் தாக்குதற்றொழில். வீடு கட்டிவிட்டு இருந்தான் என்றோ, வீடு கட்டாது அடித்தான் என்றோ வழக்கு எழவில்லை. கட்டி என்னும் வினையெச்சம் அடித்தல் என்னும் முடிக்குஞ் சொல்லைத் தழுவி நிற்கின்றது. காத்தல் முன்நிகழ்ச்சி, தாக்குதல் அதனால் முடிவுபெறும் வினை, இரண்டற்கும் வினைமுதல் ஒருவனே. கோற்போரின் நெறி முழுவதும் இத்தொடரின் இலக்கணத்துள் அடங்கிக் கிடக்கின்றது எனலாம்.

வீடு கட்டுதற்கண் சுழலும் கோல் பகைவனை அணுகாதவாறு தடுப்பது மட்டும் அன்று. அச்சுழற்சியினின்றே, வேறொரு முயற்சியும் இன்றி, அடி பிரிந்து செல்லவல்லது. நிற்கும் கோலை வீசுதற்கு முதற்கண் அதனைப் பின்னுக்கு வாங்குதல் வேண்டும்; அவ்வாங்குதலே எதிராளிக்கு அறிவிப்பு ஆகிவிடும். சுழலும் கோலுக்கு அவ்வாங்குதல் வேண்டா. எனவே வீட்டின் சுவராக நின்ற கோலே கணப்பொழுதில் படையாக மாறும். காத்தலுக்கெனச் செலவிட்ட ஆற்றல் தாக்குதலுக்கு முதலாகின்றது.

5. போட்டி வகைகள் காட்டும் வேறுபாடு

மேற்கூறியது கொண்டு, தாக்குவான் காப்பான் என்னும் வேறுபாடே இல்லை என முடித்தல் பொருந்தாது. சிலம்பப் போட்டியில் வழங்கும் வகைகளை நோக்கின் இவ்வேறுபாடு எங்குத் தோன்றுகின்றது என்பது புலனாகும்.

ஒருவகைப் போட்டியில் கோலின் நுனியில் மையோ பிற சாயமோ தடவப்படும். எதிராளியின் உடலில் பதிந்த பொட்டுகளை எண்ணி வெற்றி கூறப்படும். நெற்றியிற் பொட்டு வைத்தல் தனிச்சிறப்பாகக் கொள்ளப்படும். இதன்கண் இருவர்க்கும் குறிக்கோள் ஒன்றே. இருவரும் தொடவும் வேண்டும்; தொடப்படாதிருக்கவும் வேண்டும். ஒருவனைத் தாக்குவான் என்றும் மற்றவனைக் காப்பான் என்றும் இதன்கண் பிரித்துரைத்தல் இயலாது. கணத்திற்குக் கணம் அந்நிலை மாறும்.

பிறிதொரு வகையில், பணமுடிப்பு ஒன்று காக்கப்படுபொருளாக வைக்கப்படும். ஒருவன் அதனைத் தன் காலிடைக் கொண்டு காப்பான். மற்றவன் அதனைக் கைப்பற்ற முயல்வான். இங்குக் குறிக்கோள்கள் வேறு. காப்பவன் முடிப்பை விட்டு விலகுதல் இயலாது. வருபவன் தான் விரும்பிய பக்கத்தினின்றும் விரும்பிய வேளையில் வரலாம். இதனால் காப்பவனுக்கு இழப்பு உண்டு. ஆயினும் ஊதியமும் உண்டு; எதிராளி எவ்விடத்திற்கு வந்தே தீரவேண்டும் என்பது அவனுக்கு முன்னரே தெரியும். வருவோன் களைப்பான், இருப்போன் களையான்.

இவ்விருவகையையும் ஒப்பிட, ஓர் உண்மை தெளிவாகும். தாக்குதல் காத்தல் என்னும் பிரிவு, செய்வான் கைத்திறத்தின்கண் தோன்றுவதன்று. இடையே ஒரு பொருளை வைத்து அதனை ஒருவனுக்கு உரிமையாக்குங்கால் தோன்றுவது. பொருள் இல்லாவழி இருவரும் ஒருதன்மையர். பொருள் உள்வழி இருவரும் வேறுநிலையர். ஆயினும் அப்பொழுதும் முடிப்பைக் காப்பவன் அடியாமல் காத்தல் இயலாது. கவர வருபவன் தன்னைக் காவாமல் கவர்தலும் இயலாது. நிலை இரண்டு; தொழில் ஒன்று.

6. புறத்திணைப் பகுப்பு

இவ்வேறுபாட்டினைத் துணையாகக் கொண்டு புறத்திணை இலக்கணங்களை நோக்குவோம். தொல்காப்பியர் புறத்திணை ஏழு என்றார். நிரை மீட்டலாகிய கரந்தையை அவர் தனித்திணை ஆக்காது வெட்சித்திணையைச் சார்த்திக் கூறினார். எயில் காத்தலைக் குறிக்கும் நொச்சியை உழிஞையின் துறைகளுள் ஒன்றாக வைத்தார். கரந்தை, நொச்சி என்னும் பெயர்களை அவர் அறியாதவர் அல்லர், அறிந்தே அடக்கினார். உழிஞைத் துறைகளைக் கூறுங்கால் அகத்தோன் என்றும் புறத்தோன் என்றும் இருவரையும் சுட்டி, இருவர் செயலையும் ஒரே நூற்பாவின்கண் அடுத்தடுத்து வைத்துள்ளமை நோக்கத்தக்கது.

வஞ்சித்திணையில் இக்கொள்கை மேலும் விளங்கும். மண்மேற் கொண்ட வேட்கையால் ஒரு வேந்தன் மேல் மற்றொரு வேந்தன் செல்லுதல் வஞ்சி. இதற்கு உரை கூறிய நச்சினார்க்கினியர், மண்வேட்கை இருவர்க்கும் உளதாகலின் இருவரும் வஞ்சி வேந்தரே எனக் கொண்டார். எதிர்சென்று ஊன்றுவானைக் காஞ்சி சூடியோன் எனப் பிரிக்கும் கொள்கையை அவர் ஏற்றிலர். காஞ்சி என்பது தொல்காப்பியர்க்கு நிலையாமை பற்றியது ஆதலின். தும்பைத்திணையிலும் இவ்வாறே. வலிமையைப் பொருளாகக் கொண்டு வந்த வேந்தன், எதிர்ப்போன் சென்று அழித்தல் என அதன் இலக்கணம் அமைகின்றது. வருதலும் செல்லுதலும் ஒரே தொடரில் இணைந்து நிற்கின்றன. வந்தவனை இருந்து ஏற்றல் அன்று, சென்று ஏற்றலே தும்பை.

இனி, ஐயனாரிதனார் இயற்றிய புறப்பொருள் வெண்பாமாலை, திணைகளைப் பன்னிரண்டாகக் கொண்டது. நிரை கவர்தல் வெட்சி, மீட்டல் கரந்தை. மேற்சேறல் வஞ்சி, எதிரூன்றல் காஞ்சி. எயில் காத்தல் நொச்சி, வளைத்தல் உழிஞை என அது இணை இணையாக நிறுத்துகின்றது. இப்பகுப்பைத் தொல்காப்பிய நெறியினின்றும் வழுவியது எனக் கடிந்து ஒதுக்குவாரும், பின்னை வளர்ச்சி எனப் போற்றுவாரும் உளர். யாம் கருதுவது வேறு. மேற்காட்டிய இரண்டாம் வகைப் போட்டிபோல், இடையே ஒரு பொருள் வைக்கப்பட்டுள்ள போர்களையே அந்நூல் இரண்டாகப் பகுத்துள்ளது. வெட்சி கரந்தைக்கு இடைநின்ற பொருள் ஆனிரை. வஞ்சி காஞ்சிக்கு மண். நொச்சி உழிஞைக்கு எயில். இவற்றுள் உரிமையுடையான் ஒருவன், கவர வருவான் ஒருவன். தும்பையிலோ அத்தகைய பொருள் இல்லை, வலிமையே பொருள். ஆதலின் பன்னிரு திணை கூறிய வெண்பாமாலையும் தும்பையைப் பகுக்கவில்லை. பகுப்பதற்கு அதன்கண் இடமில்லை.

அந்நூலின் வைப்பு முறையிலும் ஒரு நுட்பம் உளது. முதலிரண்டு இணைகளில் தாக்குதல் முன்னும் காத்தல் பின்னும் நிற்க, மூன்றாவதில் நொச்சி முன்னும் உழிஞை பின்னுமாக முறை மாறி நிற்கின்றது. நிரை கவரப்பட்ட பின்னரே மீட்டல் நிகழும். படை வந்த பின்னரே எதிரூன்றல் நிகழும். அரணோ, பகைவர் வளைத்தற்கு முன்னரே காவலொடு நிற்பது. வீடு கட்டுதல் அடிக்கு முற்பட்டவாறு போல, இங்குக் காப்பு வளைத்தற்கு முற்பட்டது. ஆசிரியர் கருத்து இதுவே எனத் துணிதல் இயலாதாயினும், வைப்பு முறை இப்பொருளுக்கு இயைந்து நிற்றல் கருதற்குரியது.

எனவே, தொல்காப்பியர் தொழிலை நோக்கித் திணை வகுத்தார். ஐயனாரிதனார் நிலையை நோக்கித் திணை வகுத்தார் என்க. முன்னது பொருவான் நோக்கு. பின்னது யாருடைய பொருளை யார் கவர்ந்தார் என்று வினவும் நடுநின்றார் நோக்கு. இவ்விரண்டும் முரணுவன அல்ல. நடுகற்களும் இதற்குச் சான்றாகும். தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1972இல் வெளியிட்ட செங்கம் நடுகற்கள் முதலிய தொகுப்புகளில், தொறுக்கொண்ட பூசலில் பட்டாரையும், தொறு மீட்டுப் பட்டாரையும் காண்கின்றோம். நிலை வேறாயினும், இருசாரார் மறத்திற்கும் கல் எடுக்கப்பட்டது.

7. இலக்கியச் சான்றுகள்

இக்கருத்து இலக்கண நூலோர் புனைந்துகொண்டது அன்று. களத்தைக் கண்டு பாடிய புலவர் வாக்கிலும் உளது. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி, ஆமூர் மல்லனோடு பொருது வென்றதனைச் சாத்தந்தையார் பாடிய பாட்டு, புறநானூற்றில் 80ஆம் பாட்டாக உள்ளது. அதன்கண் கிள்ளியின் ஒருகால் மல்லனின் மார்பின்மேல் மடிந்து ஊன்றி நிற்கின்றது. மற்றொருகால் மல்லன் செய்யும் உபாயத்தை விலக்கி அவன் முதுகின்பால் வளைகின்றது. ஒரு கால் தாக்குகின்றது. ஒரு கால் காக்கின்றது. இரண்டும் ஒரே கணத்தில் ஒரே உடலில் நிகழ்கின்றன. முதலிற் காத்தான், பின்னர்த் தாக்கினான் எனப் புலவர் முறைப்படுத்தாது இரண்டனையும் ஒருங்கே காட்டியமையே அப்பாட்டின் உண்மைத்தன்மைக்குச் சான்று. மற்போர் அறிந்த கண் கண்ட காட்சி அது.

திருக்குறளும் இவ்வாறே கூறும். படைமாட்சி அதிகாரத்தின்கண் 767ஆம் குறள், தன்மேல் வந்த போரைத் தாங்கும் தன்மையை அறிந்து, பகைவரின் முற்படையைத் தாங்கி மேற்செல்வதே தானை என்கின்றது. தாங்குதலும் செல்லுதலும் ஈண்டும் ஒருதொழிலாகின்றன. அரண் அதிகாரத்தின் முதற்குறளாகிய 741, மேற்சென்று பொருவார்க்கும் அஞ்சித் தம்மைக் காப்பார்க்கும் அரண் ஒப்பப் பயன்படும் என்கின்றது. காப்பார்க்கு அரண் வேண்டும் என்பது எளிதின் விளங்கும். தாக்குவார்க்கும் அது வேண்டும் என்பதே வள்ளுவர் உணர்த்திய நுட்பம். பின்னே காப்பில்லாதவன் முன்னே துணிந்து செல்லான். வீடு கட்டினவனே அடிக்கவல்லான் என்னும் சிலம்பத்தார் வழக்கிற்கு இதனினும் சிறந்த விளக்கம் இல்லை.

பின்வாங்குதலையும் வள்ளுவர் விடவில்லை. பொருகின்ற ஆட்டுக்கடா மோதுதற்பொருட்டுப் பின்செல்லுதலை, ஊக்கமுடையான் காலம் நோக்கி ஒடுங்கியிருத்தற்கு 486ஆம் குறளில் உவமையாக்கினார். கோற்போரில் சிறிதளவு பின்வாங்குதல் தீதென மேலே கூறினோம். முற்றும் எட்டாத் தொலைவிற்கு வாங்கி, எதிராளியின் கோல் வெறுவெளியைக் கடந்த அந்நொடியில் மீண்டும் புகுதலோ சிறந்த உத்தியாம். அஞ்சி வாங்குதலுக்கும் மோதுதற்கு வாங்குதலுக்கும் உள்ள வேறுபாடு, காலடியின் அளவிலும் கண்ணின் நோக்கிலும் உள்ளது.

8. பிறநாட்டார் கொள்கை

பிறநாட்டார் கண்ட முடிவுகளும் இதனோடு ஒப்பிடத்தக்கன. போரியல் பற்றி ஜெர்மானியராகிய கிளாசவிட்ஸ் எழுதிய நூல், அவர் மறைவிற்குப் பின்னர் 1832 முதல் வெளிவந்தது. காத்தலே வலிமை மிக்க போர்முறை. ஆயினும் அதன் நோக்கம் எதிர்மறையானது. ஆதலின் வலிமை வாய்த்தவுடன் தாக்குதலாக அது மாறுதல் வேண்டும் என்பது அவர் கொள்கை. யப்பானியரின் வாட்பயிற்சியாகிய கெண்டோவில், பகைவன் தொடங்கிய அடியை ஏற்று அதனினின்றே திருப்பி அடித்தலைக் கோ நோ சென் என்று தனிப்பெயரிட்டுப் பயில்வர். பிற்பட்டு எழும் முனைப்பு என்பது அதன் பொருள்.

ஃபென்சிங் எனப்படும் ஐரோப்பிய வாட்போட்டியின் விதி ஈண்டு மிகவும் இன்றியமையாதது. அதன் ஃபாயில், சேபர் என்னும் வகைகளில், இருவர் அடியும் ஒருங்கு பட்டால், முறையாகத் தாக்குதலைத் தொடங்கியவனுக்கே புள்ளி உரியது. ஆயின், எதிராளி அத்தாக்குதலைத் தன் வாளால் தடுத்துவிட்டால், அந்நொடியே தாக்கும் உரிமை தடுத்தவனுக்கு மாறிவிடும். தடுத்தலுக்கெனத் தனிப்புள்ளி இல்லை. ஆனால் தடுத்தல் உரிமையை ஈட்டித் தருகின்றது. காத்தலின் மதிப்பைப் போட்டி விதியின்கண் அமைத்தற்கு இஃது ஒரு சிறந்த வழியாகும்.

9. இன்றைய நிலையும் கடமையும்

சிலம்பம் இன்று ஊர்த்திருவிழாவினின்றும் போட்டிக்களத்திற்கு வந்துள்ளது. 2024 சனவரியில் தமிழ்நாட்டில் நிகழ்ந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் அது காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. தமிழ்நாட்டு அரசு வேலைவாய்ப்பில் விளையாட்டு வீரர்க்குரிய 3 விழுக்காட்டு ஒதுக்கீட்டிலும் அது சேர்க்கப்பட்டுள்ளது. பள்ளி மாணவர் பலர் இதனைப் பயில்கின்றனர். இவை மகிழத்தக்கன. ஆயினும் ஓர் இடர்ப்பாடு உளது. பொட்டினை மட்டும் எண்ணும் முறையில், பட்ட அடிக்கே மதிப்பெண்; நன்கு தடுத்த அடிக்கு மதிப்பெண் இல்லை. மதிப்பெண் எதற்கோ அதனையே மாணவன் பயில்வான். இருவரும் தம்மைக் காவாது ஒருவரையொருவர் தொட்டுப் புள்ளி ஈட்டும் விளையாட்டாக அது சுருங்குமாயின், வீடு இன்றி அடித்தல் மட்டும் எஞ்சும். உண்மைப் போரில் அவ்விருவரும் வீழ்ந்திருப்பர் என்பதனை மதிப்பெண் பட்டியல் காட்டாது.

இஃது விளையாட்டுத் துறையினர் மட்டும் தீர்க்கவேண்டிய செய்தி அன்று. தமிழ்த்துறையினர்க்கும் இதன்கண் பங்கு உண்டு. ஒரு செயல் மதிப்பிழந்தால் அதற்குரிய சொல்லும் வழக்கிழக்கும். தடுத்தல், விலக்கல், ஏற்றல், ஒதுங்கல், உட்புகல் என்பன ஒருபொருட் சொற்கள் அல்ல. ஒவ்வொன்றும் வேறு வேறு காலடியையும் கைப்பிடியையும் குறிப்பன. ஒவ்வோர் ஊர் ஆசானிடத்தும் இவற்றிற்கு அவ்வவ்வூர்ப் பெயர்கள் வழங்கும். பவானி, அந்தியூர், கோபிசெட்டிபாளையம், பெருந்துறை முதலிய பகுதிகளில் உள்ள ஆசான்மாரிடமிருந்து காத்தற்றொழிற் சொற்களைச் செயல்விளக்கத்துடன் தொகுத்தல், முதுகலை மாணவர் மேற்கொள்ளத்தக்க பணியாகும். சொல்லை மட்டும் எழுதிக்கொள்ளுதல் போதாது. அச்சொற்குரிய காலடியையும் படமாகப் பதிதல் வேண்டும். அடிக்கும் சொற்கள் போட்டியால் வாழும். காக்கும் சொற்களை யாமே காத்தல் வேண்டும்.

இத்தொகுப்பு புறத்திணை ஆராய்ச்சிக்கும் துணை செய்யும். துறைப் பெயர்களுள் பொருள் விளங்காதன சில, களத்துச் சொற்களோடு ஒப்பிட்டவழி விளக்கம் பெறுதல் கூடும். அவ்வாறே, தடுத்தலுக்குப் பின்னர் உடனே எழும் எதிரடிக்குக் கூடுதல் மதிப்பெண் வழங்குதல் போன்றதொரு விதியைச் சிலம்பப் போட்டிக்கு வகுப்போர் எண்ணிப் பார்க்கலாம். அது பிறநாட்டு வாட்போட்டியைப் பின்பற்றுதல் ஆகாது. தொல்காப்பியர் அகத்தோனையும் புறத்தோனையும் ஒரு திணையுள் வைத்த நெறியைக் களத்தில் நிறுவுதலேயாகும்.

10. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன: கோலின் இயல்பு நோக்க, காத்தற்கு முன்செல்லுதலும் தாக்குதற்குக் காப்பும் வேண்டப்படுதலின், இவை இரண்டும் ஒருதொழிலின் இரு கூறுகளே. காக்கப்படும் பொருளொன்று இடைநிற்குங்கால், நிலைபற்றி இவை இரண்டாகப் பிரியும். தொல்காப்பியம் முன்னதனையும், வெண்பாமாலை பின்னதனையும் பற்றித் திணை வகுத்தன. ஆதலின் அவற்றுள் ஒன்றைக் கொண்டு மற்றொன்றைக் குறைகூறல் வேண்டா. தாக்குதல் சிறந்ததோ, காத்தல் சிறந்ததோ என்னும் வினாவிற்குச் சிலம்பத்தார் வழக்கே விடையிறுத்துவிட்டது. வீடு கட்டாது அடிப்பவன் அடிபடுவான். கட்டிய வீட்டினுள் அடியாது இருப்பவன் வெல்லான்.